நாயாற்றுக்கு வழி

உருத்திரபுரம்
25-06-1965

அன்புள்ள அண்ணாவுக்கு,

நானும் மகள் கமலாசனியும் சுகம். காய்ச்சலில் கொட்டின அவளுடைய தலைமயிர் திரும்பவும் முளைத்துவிட்டது. இப்போது சீப்பு நிற்கிறது. அண்ணியின் முழங்கால் நோவுக்கு என்ன செய்கிறீர்கள் என்று எழுதுங்கள்.

இவர் ஞாயிற்றுக்கிழமை விடியப் போனவர். இன்றைக்கு ஆறாம் நாள். நான் முற்றம் கூட்டிக்கொண்டு நின்றேன். துணிப்பையைத் தோளில் போட்டுக்கொண்டு படலையைத் திறந்தார். போகிற ஆளிடம் எங்கே என்று கேட்டால் போகிற காரியம் கெட்டுப்போகும் என்று அம்மா எங்களுக்குக் குட்டிக் குட்டிச் சொல்லித்தந்தது உங்களுக்கும் மறந்திராது. அதனால், "தூரத்துக்கோ?" என்று மட்டும் கேட்டேன். "ஓம், கொஞ்சம் தூரம். வாறன்" என்றார். பரந்தனுக்கு உரம் எடுக்கப் போகிறாராக்கும் என்று நினைத்து, மத்தியானம் சோற்றைப் போட்டு மூடிவைத்தேன்.

பொழுதுபடப் பக்கத்துக் காணி ஏரம்பு அண்ணை வந்து, "தங்கச்சி, இனி உங்கடை வயலுக்குத் தண்ணி விடுறது என்ரை பொறுப்பு. ஐயாத்துரை சொல்லிப்போட்டுத்தான் போனவன்" என்றார். எங்கே போனார் என்று அவருக்கும் தெரியாது. அவரும் கேட்கவில்லையாம்.

எனக்குத் தெரியாமல் என்ன? மாசியில் பிள்ளை இருபத்தொரு நாள் நெருப்புக் காய்ச்சலில் கிடந்தபோது, கதிர்காமத்துக்கு நடந்து வருகிறேன் என்று நேர்ந்துகொண்டவர். அறுவடை முடியட்டும், மூன்று பேருமாக ரயிலில் போய்க் கும்பிடுவோம் என்று நான் சண்டை பிடித்தேன். நடக்கிறேன் என்று சொன்ன வாயால் ரயிலில் எப்படிப் போவது என்று அவர் கேட்டார். அதற்குப் பிறகு அந்தக் கதையே எடுக்கவில்லை.

மாங்குளத்தில் உங்களைக் காணாமல் அவர் ஒரு பயணமும் போனதில்லை. உங்கள் கடைக்கு வந்தாரா? ஒரு வரி எழுதிவிடுங்கள். கோபமில்லை, பயமாக இருக்கிறது.

உங்கள் தங்கச்சி
இரஞ்சிதம்

---

மாங்குளம்
29-06-1965

பாசமுள்ள தங்கச்சிக்கு,

உன் கடிதம் வந்தது. அண்ணிக்கு முழங்கால் நோ, எனக்கு நாக்கு நோ. இரண்டும் நாள்பட்ட வருத்தம், இரண்டுக்கும் எண்ணெய் இல்லை. வற்றாப்பளைப் பொங்கல் முடிந்த கிழமையில் இருந்து என் தேத்தண்ணிக் கடையில் தேத்தண்ணி குடிக்கிறவர்களைவிட வழி கேட்கிறவர்கள்தான் அதிகம். வாயிருந்தால் வங்காளம் போகலாம் என்பார்கள். என் வாயால் எத்தனையோ பேர் கதிர்காமம் போகிறார்கள், நான் மட்டும் அடுப்படியில்.

மாங்குளத்துச் செய்திகள் கேள். முல்லைத்தீவுக்கு முதல் பஸ் இப்போது காலை ஆறேகாலுக்கே புறப்படுகிறது. ஒட்டுசுட்டானுக்கு இந்தப் பக்கத்தில் மதகு திருத்துகிறார்கள், எல்லோரையும் இறக்கி நடக்கவிட்டுத்தான் பஸ் தாண்டுகிறது. முறிகண்டிப் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைக்க வாகனங்கள் ஒரு மைல் நீளத்துக்கு நிற்கின்றன.

உன் புருஷன் நடையாத்திரைதான் போயிருப்பார். அதற்கு ஏன் கலங்குகிறாய்? நான் இரண்டு தரம் நடந்த ஆள். வற்றாப்பளை அம்மனைக் கும்பிட்டுவிட்டு வெளிக்கிட்டால் கடற்கரையோடேயே வழி. கொக்கிளாய், புல்மோட்டை, குச்சவெளி. கோணேசரைக் கும்பிட்டு, மூதூருக்குத் தோணி. வெருகலில் ஆற்றங்கரை மரநிழலில் இரண்டு நாள் கிடந்து காலை ஆற்றவேண்டும், அதை விட்டுவிட்டு ஓடுகிறவன் மடையன். மண்டூரில் சாப்பாடு தேடிப் போகத் தேவையில்லை, அது உன்னைத் தேடி வரும். உகந்தை மலையில் ஏறி நின்றால் ஒரு பக்கம் கடல், ஒரு பக்கம் காடு. அங்கே நின்று அழாத மனிதனை நான் காணவில்லை. கணக்குப் பார்த்தால் மச்சான் இன்றைக்குக் குச்சவெளி தாண்டியிருப்பார்.

இங்கே வந்தாரா என்று கேட்டிருந்தாய். கடை வாசலில் கால் வைக்க இடமில்லாத கிழமை அது. யார் வந்தார், யார் போனார் என்று யாருக்கு ஞாபகம்? கதிர்காமத்தில் தீர்த்தத் திருவிழா முடிந்த கையோடு வந்து நிற்பார். பிள்ளைக்கு முட்டையும் பாலும் கொடு.

அண்ணன்
யோகலிங்கம்

---

உருத்திரபுரம்
04-07-1965

அண்ணாவுக்கு,

எல்லோரும் சுகம். கடிதம் கிடைத்தது. ஏரம்பு அண்ணைக்கும் வாசித்துக் காட்டினேன். நல்ல வடிவாக எழுதியிருக்கிறார், எனக்கும் போகவேணும்போலக் கிடக்கு என்றார்.

ஆனால் அண்ணா, ஒரு வருடத்துக்கு முதல் உங்கள் கடையில் வடை வாங்கிப்போன லொறிக்காரனின் சட்டை நிறத்தைச் சொல்லுகிற ஆள் நீங்கள். தங்கச்சியின் புருஷன் வந்தாரா, வரவில்லையா என்பது மட்டும் ஞாபகமில்லையா? முழுப் பூசணிக்காயைச் சோற்றுக்குள் மறைக்கிறீர்கள். அவர் வந்திருப்பார், எனக்குச் சொல்லவேண்டாம் என்று சத்தியம் வாங்கியிருப்பார். அப்படியென்றால் அதையும் எழுதவேண்டாம். "யோசிக்காதே" என்று ஒரு சொல் எழுதுங்கள், நான் விளங்கிக்கொள்ளுவேன்.

பயிர் குடலைப் பருவம், இனிக் கதிர் வெளியே வரும். தண்ணீர் முறை தவறவில்லை. கமலாசனி பள்ளிக்கூடத்துக்குப் போகத் தொடங்கிவிட்டாள்.

இரஞ்சிதம்

---

முல்லைத்தீவு
09-07-1965

மதிப்புக்குரிய யோகலிங்கம் அண்ணனுக்கு,

இறைவன் உங்களையும் வீட்டாரையும் நலமாக வைப்பானாக. எங்கள் வீட்டில் ஹவ்வா உம்மாவும் பிள்ளைகளும் அவன் காவலில் சுகமாக இருக்கிறோம்.

புயலில் கருவாடு போடுகிற என் வாடிக் கொட்டில் இரண்டும் போன பிறகு, நான் நாயாற்றுப் பக்கம் கால் வைக்கவில்லை என்பது உங்களுக்குத் தெரியும். இந்தக் கிழமைதான் போனேன். கரை பழைய கரை இல்லை. கடலும் ஏரியும் சந்திக்கிற தொடுவாய் எந்த வருடமும் சித்திரையில் மணல் மூடி, ஆட்கள் நடந்து போகிற இடம். மார்கழிப் புயல் அதை ஆழமாக வெட்டி அகலமாக்கிவிட்டது. இன்னும் மூடவில்லை. மேலே பார்த்தால் முழங்கால் தண்ணீர் போலத்தான் தெரிகிறது, உள்ளே இழுவை. வள்ளம் இல்லாமல் தாண்ட முடியாது. உங்களிடம் வழி கேட்கிறவர்களுக்கு உடனே சொல்லிவிடுங்கள்.

இன்னொரு விஷயம். அதை எப்படி எழுதுவது என்று இரண்டு நாள் யோசித்தேன். போன மாதம் இருபத்திரண்டாம் திகதி அங்கே ஒரு ஆளின் உடல் கரையொதுங்கியது. நடுவயது, காவி வேட்டி. பொலிசார் வந்து விசாரித்து எழுதிக்கொண்டு போனார்கள். பெயரும் ஊரும் தெரியாததால் வாடி ஆட்களே கரையில் அடக்கம் செய்தார்கள். அவருடைய துணிப்பையை வாடி முதலாளியான சம்மாட்டி பத்திரமாக வைத்திருக்கிறார், யாரும் தேடி வந்தால் கொடுக்கவேண்டும் என்று. அதற்குள் மெழுகுசீலையில் சுற்றிய ஒரு கொப்பித் தாள் இருந்தது. பென்சில் எழுத்து, அழியவில்லை. வழியும் தங்குமிடங்களும் இலக்கம் போட்டு எழுதியிருந்தது. மூன்றாவதாக இப்படி: "நாயாறு. வள்ளத்துக்கு நிற்கவேண்டாம். மணலால் நடக்கலாம்."

பதினைந்து வருடமாக உங்கள் கடிதம் வாசிக்கிறவன் நான். அது உங்கள் எழுத்து.

அன்புள்ள
முத்தலிப்

---

மாங்குளம்
11-07-1965

அன்பின் முத்தலிப்புக்கு,

உங்கள் கடிதம் நேற்றுக் கிடைத்தது. ஹவ்வா உம்மாவுக்கும் பிள்ளைகளுக்கும் என் விசாரிப்புகள்.

அந்தத் தாளை இந்த வருடம் பதினாறு பேருக்கு எழுதிக் கொடுத்திருக்கிறேன். எல்லாவற்றிலும் அந்த மூன்றாம் வரி உண்டு. பதினாறு பேரில் ஒருவர் என் தங்கச்சியின் புருஷன் ஐயாத்துரை. அவர் தனியாகப் போனவர்.

எனக்காக ஒருதரம் திரும்பவும் நாயாற்றுக்குப் போங்கள். அடக்கம் செய்த ஆட்களிடம் ஒன்று மட்டும் கேளுங்கள். ஐயாத்துரைக்கு இடது காலில் பெருவிரல் நகம் இல்லை. மண்வெட்டி பட்டுப் போனது. அவர்கள் உடலைக் கழுவியிருந்தால் கண்டிருப்பார்கள். மற்றவர்கள் வள்ளத்தில் தாண்டினார்களா என்றும் விசாரியுங்கள்.

நகம் இருந்தது என்று நீங்கள் எழுதவேண்டும் எனக் கடவுளை நான் எத்தனை தரம் வேண்டிவிட்டேன் தெரியுமா? அப்படியென்றால் இன்னொரு வீட்டில் ஒருத்தி இருக்கிறாள். அவளும் சோறு போட்டு மூடிவைத்துக்கொண்டுதான் இருப்பாள். அது தெரிந்தும் வேண்டுகிறேன். இதை உங்களுக்கு மட்டும்தான் எழுதலாம்.

யோகலிங்கம்

---

உருத்திரபுரம்
19-07-1965

அன்புள்ள அண்ணாவுக்கு,

எங்களுக்கு ஒரு குறையும் இல்லை. உங்களுக்கும் அண்ணிக்கும் என்ன? இரண்டு கிழமையாகப் பதில் இல்லை. பூசணிக்காய் என்று எழுதினதில் கோபமா? வாய்த்துடுக்கு, உங்கள் தங்கச்சி அல்லவா. மன்னித்துக்கொள்ளுங்கள்.

நெல்லுக் கதிர் தள்ளிவிட்டது. இப்படி ஒரு சிறுபோகத்தை உருத்திரபுரத்துக்கு வந்த நாளில் இருந்து நான் காணவில்லை. இவர் இருந்தால் வரம்பில் நின்று இறங்கமாட்டார். நேற்றுக் காணிக் கந்தோர் ஐயா வந்து, காணிக்கு அனுமதி எடுத்த பேர்மிற்காரர் எங்கே என்று கேட்டார். கதிர்காமத்துக்கு நேர்த்தி, அறுவடைக்கு வந்துவிடுவார் என்று சொன்னேன். சொல்லும்போதே எனக்குள் ஒரு பெருமை. சண்டை பிடித்தவள் நான்தான், ஆனாலும் பிள்ளைக்காக இவ்வளவு தூரம் நடக்கிற தகப்பன் இந்தக் குடியேற்றத்தில் வேறு யார் இருக்கிறார்?

உங்களிடம் ஒரு உதவி. கமலாசனி அப்பாவுக்குக் கடிதம் எழுதவேண்டுமாம். "மாமாவிட்டைக் கேளுங்கோ, அவருக்கு எல்லா இடமும் தெரியும்" என்று காலைச் சுற்றுகிறாள். நடந்து போகிறவர்கள் எந்த மடத்தில் தங்குவார்கள்? எந்த விலாசத்துக்குப் போட்டால் அவர் கைக்குக் கிடைக்கும்? பதில் கட்டாயம் எழுதுங்கள். தபால்காரனின் சைக்கிள் மணி கேட்டால் பிள்ளை படலைக்கு ஓடுகிறாள்.

இரஞ்சிதம்

---

முல்லைத்தீவு
24-07-1965

அன்புள்ள யோகலிங்கம் அண்ணனுக்கு,

எல்லாம் அறிந்தவன் உங்கள் மனதுக்குத் தைரியத்தைத் தரட்டும்.

போனேன். உடலைக் கழுவின கிழவரைக் கண்டு பேசினேன். இடது கால், பெருவிரல். நகம் இல்லை. நான் கேட்கும் முன்னமே அவர் சொன்னார். மற்றவர்கள் கூட்டமாகப் போய், வள்ளக்காரன் மறித்துச் சொன்னதால் வள்ளத்தில் தாண்டினார்களாம். இவர் விடியற்காலையில் தனியாக வந்திருக்கிறார். கரையில் அப்போது ஒருவரும் இல்லை.

அடக்கம் செய்த இடத்தில் பெரிய கல் ஒன்று வைத்திருக்கிறார்கள். நான் நாலு பக்கமும் முள்வேலி அடைப்பித்தேன், ஆடு மாடு மிதிக்காமல் இருக்க.

அண்ணன், உங்களுக்குப் புத்தி சொல்ல எனக்கு வயது காணாது. ஆனால் இது உங்களிடம் ஒப்படைக்கப்பட்ட செய்தி. உரிய ஆள் உங்கள் தங்கச்சி. நீங்களே நேரில் போய்ச் சொல்லுங்கள். தனியாகப் போக முடியாவிட்டால் தந்தி அடியுங்கள், நான் கூட வருகிறேன்.

முத்தலிப்

---

மாங்குளம்
30-07-1965

தங்கச்சி இரஞ்சிதத்துக்கு,

சுகம். கோபம் ஒன்றும் இல்லை. கடையில் வேலை கூட. அதுதான் எழுதவில்லை.

கதிர்காமத்தில் கொடி ஏறிவிட்டதாம். ரயிலில் இடம் பிடிக்கிறது கஷ்டம். கொழும்புப் பக்கம் மழை. மதகு வேலை முடிந்து, முல்லைத்தீவு பஸ் இப்போது நேரத்துக்குப் போகிறது.

பிள்ளை கேட்ட விலாசத்தை இந்தக் கடிதத்தின் பின்பக்கத்தில் எழுதியிருக்கிறேன். மட்டக்களப்பில் யாத்திரைக்காரர் தங்குகிற மடம். அங்கே போட்டால் கிடைக்கும்.

அண்ணிக்கு முழங்கால் பரவாயில்லை. தீர்த்தம் முடிந்த பிறகு நான் ஒருக்கால் உருத்திரபுரம் வருகிறேன். வந்து கதைக்கிறேன்.

யோகலிங்கம்

---

உருத்திரபுரம்
21-08-1965

அண்ணாவுக்கு,

எங்கள் சுகத்தை விடுங்கள். முந்தநாள், கதிர்காமத்துக்கு நடந்து போன இளையதம்பிச் சாமியாரின் கூட்டம் ரயிலில் வந்து இறங்கிவிட்டது. நான் கமலாசனிக்குப் புதுச்சட்டை போட்டுக் கிளிநொச்சி ஸ்டேசனுக்குக் கூட்டிக்கொண்டு போய் நின்றேன். ஒவ்வொருவராக இறங்கினார்கள். பிள்ளை ஒவ்வொரு தாடிக்காரனையும் அப்பாவோ என்று பார்த்தாள்.

சாமியார் சொன்னது இது. "பிள்ளை, ஐயாத்துரை எங்களோடை சேரவேயில்லை. எங்களுக்குப் பின்னாலை வெளிக்கிட்ட ஒரு பொடியன் புல்மோட்டையிலை எங்களைப் பிடிச்சவன். அவன்தான் சொன்னவன், மாங்குளத்திலை உன்ரை தமையன்ரை கடையிலை ஐயாத்துரையோடை ஒண்டா இருந்து தேத்தண்ணி குடிச்சனான் எண்டு. நாங்கள் நாலு நாள் பார்த்தம். வரேல்லை. திரும்பிப் போட்டானாக்கும் எண்டு நினைச்சம்."

நேற்றுத் தபாலில் இன்னொன்று வந்தது. கமலாசனி எழுதின கடிதம், நீங்கள் தந்த விலாசத்துக்குப் போய், அப்படி ஒருவர் இங்கே வரவில்லை என்று சிவப்பு மையில் எழுதித் திரும்பி வந்திருக்கிறது. அதற்குள்ளே அவள் வெட்டி வைத்த தன் தலைமயிர் ஒரு நூல்கட்டு. முளைத்துவிட்டது என்று காட்ட.

அவர் உங்களிடம் வந்தவர். எவ்வளவு நாளாக, என்ன உங்களுக்குத் தெரியும்? உங்கள் பயணச் செய்தி எனக்கு வேண்டாம். மதகும் வேண்டாம், பஸ்ஸும் வேண்டாம். இரண்டு நாளில் ஆளைக் கூட்டிக்கொண்டு வந்து உங்கள் கடை வாசலில் நிற்பேன். அதற்கு முதல் நீங்களாக எழுதுங்கள்.

இரஞ்சிதம்

---

மாங்குளம்
22-08-1965

என் தங்கச்சிக்கு,

உன் கடிதம் இன்று காலை கைக்கு வந்தது. நீ வெளிக்கிடுவதற்குள் கிடைக்கவேண்டும் என்று இதை ரயிலில் வரும் ஆளிடம் கொடுத்தனுப்புகிறேன். நேரில் வந்து சொல்லவேண்டும் என்று மூன்று தரம் பஸ் ஏறினேன். மூன்று தரமும் முறிகண்டியில் இறங்கித் திரும்பிவிட்டேன்.

ஐயாத்துரை இல்லை. ஜூன் இருபத்தோராம் திகதியோ இருபத்திரண்டோ, விடியற்காலை, நாயாற்றுத் தொடுவாயில் தாண்டப் போய் இறந்துவிட்டார். அங்கேயே அடக்கம் செய்திருக்கிறார்கள். முத்தலிப் போய் இடத்தை வேலி அடைத்து வைத்திருக்கிறார். கால் விரலைக் கொண்டு உறுதி செய்தோம். இனிச் சந்தேகம் இல்லை.

அன்று நடந்தது இது. ஞாயிற்றுக்கிழமை பத்து மணி போல வந்தார். இரண்டு தேத்தண்ணி குடித்தார். "மச்சான், இரஞ்சிதத்துக்கு இப்ப எழுதாதையுங்கோ. அறிஞ்சால் ஆள் விட்டு மறிச்சுப்போடுவாள். திருகோணமலைக்குப் போய் நானே காயிதம் போடுறன்" என்றார். நானும் சரி என்றேன். கூட்டம் நாலு நாள் முந்திப் போய்விட்டது, பிடிக்கலாமோ என்று கேட்டார். அதுதான் எனக்கு வேண்டியிருந்த கேள்வி. "நான் சொல்லுற மாதிரிப் போனால் புல்மோட்டையிலை பிடிக்கலாம்" என்று கொப்பித் தாளைக் கிழித்து வழி எழுதிக் கொடுத்தேன். நாயாற்றில் வள்ளத்துக்கு நின்று நேரத்தை வீணாக்கவேண்டாம், மணலால் நடக்கலாம் என்று எழுதினேன். நான் கடைசியாக அந்தக் கரையில் நடந்து மூன்று வருடம்.

அவர் கும்பிட்டுவிட்டு முல்லைத்தீவு பஸ்ஸுக்கு நடந்தார். ஒரு முப்பது அடி போயிருப்பார். கடைக் கூரையைப் பார்த்தேன். புயல் பிடுங்கின தகரத்துக்குப் பதிலாகப் போட்ட கிடுகு இன்னும் அப்படியே கிடக்கிறது. கூரையைக் கொண்டுபோன புயல் கரையை விட்டிருக்குமா என்று அப்போதுதான் ஓடியது. கூப்பிட வாயைத் திறந்துவிட்டேன் இரஞ்சிதம். சத்தியமாகத் திறந்தேன். போகிற ஆளைப் பின்னாலே நின்று கூப்பிடக்கூடாதே, அதுவும் நேர்த்திக்குப் போகிற ஆளை. அபசகுனமாகிவிடுமே என்று வாயை மூடினேன். முல்லைத்தீவில் யாராவது சொல்லுவார்கள் என்று நினைத்துக்கொண்டேன். பஸ் வெளிக்கிட்டுவிட்டது. ஊருக்குச் சகுனம் சொன்ன பல்லி கழனிப் பானைக்குள் விழுந்த கதைதான் என் கதை. விழுந்தது நானாக இருந்திருந்தால் காரியமில்லை.

ஜூலை ஒன்பதாம் திகதி முத்தலிப் எழுதினார். இருபத்தைந்தாம் திகதி எனக்கு நிச்சயமாகத் தெரியும். அதற்குப் பிறகுதான் உனக்கு அந்த விலாசத்தை எழுதினேன். ஏன் எழுதினேன் என்று எனக்கே விளங்கவில்லை. பிள்ளை ஒரு இடம் கேட்டாள், எனக்கு ஒரு இடம் தெரிந்திருந்தது. என் கை பழக்கத்தில் எழுதிவிட்டது. மன்னிப்புக் கேட்க முகம் இல்லை.

நாயாற்றுக்குப் போகவேண்டும் என்றால் சொல்லு. நானே கூட்டிக்கொண்டு போகிறேன்.

யோகலிங்கம்

---

உருத்திரபுரம்
03-10-1965

அண்ணாவுக்கு,

நானும் பிள்ளையும் இருக்கிறோம். வெட்டி, சூடு அடித்து, நெல்லு வீட்டுக்கு வந்துவிட்டது. எல்லாம் ஏரம்பு அண்ணைதான் செய்தார். காணியை என் பெயருக்கு மாற்ற மனுக் கொடுத்திருக்கிறேன்.

முப்பத்தோராம் நாள் காரியத்துக்கு நீங்கள் வந்து பந்தலுக்கு வெளியே நின்றுவிட்டுப் போனதைக் கண்டேன். நான் கதைக்கவில்லை. கதைத்திருந்தால் நல்லதாக ஒன்றும் வந்திராது.

போன வியாழக்கிழமை நாயாற்றுக்குப் போனேன். ஏரம்பு அண்ணையும் அவர் மனைவியும் கூட வந்தார்கள். முல்லைத்தீவில் முத்தலிப் காத்து நின்று எங்களைக் கூட்டிக்கொண்டு போனார். அவர் மனைவி ஹவ்வா உம்மா என் கையைப் பிடித்தபடியே வந்தார். வேலி நல்ல இறுக்கமாக இருக்கிறது. தோண்டி எடுத்து ஊருக்குக் கொண்டுபோய் எரிக்கலாம் என்று ஒருவர் சொன்னார். மூன்று மாதம் அங்கே தனியாகக் கிடந்தவரை இனிக் கிளப்ப எனக்கு மனம் வரவில்லை. தேங்காய் உடைத்து, கற்பூரம் கொளுத்தி, கொஞ்ச நேரம் இருந்தேன். பிறகு, தாண்டப்போன இடத்தைப் பார்க்கவேண்டும் என்று கேட்டேன். வள்ளக்காரன் அக்கரையில் நின்றான். கை காட்டினோம், வந்தான். கால்மணி நேரம்கூட ஆகவில்லை அண்ணா.

நான் அவரை எங்கே என்று கேட்கவில்லை. நீங்கள் பின்னால் கூப்பிடவில்லை. அதற்காக உங்களோடு நான் சண்டை பிடிக்க ஏலாது. பிடித்தால் என்னோடும் பிடிக்கவேண்டும். ஆனால் தெரிந்துகொண்டு ஒரு மாதம் என்னைப் பொட்டோடும் பூவோடும் பெருமை பேச விட்டீர்களே, என் பிள்ளையை இறந்த மனிதனுக்குக் கடிதம் எழுத வைத்தீர்களே, அதை என்னால் விழுங்க முடியவில்லை. விழுங்குவேன் என்றும் சொல்லமாட்டேன்.

இதை எழுதுவது வேறு ஒன்றுக்காக. திரும்பி வரும்போது எங்கள் பஸ் மாங்குளத்தில் நின்றது. நான் யன்னல் பக்கம் இருந்தேன். உங்கள் கடை வாசலில் ஒரு கிழவனும் இரண்டு பெண்களும் நின்றார்கள், கையில் மூட்டை. என்ன கேட்டார்கள் என்று எனக்குக் கேட்கவில்லை. நீங்கள் தலையை ஆட்டிவிட்டு உள்ளே போய்விட்டீர்கள். அவர்கள் முல்லைத்தீவு பஸ்ஸுக்கு நிற்க என் யன்னலுக்குக் கீழே வந்தார்கள். "நாயாற்றுக்கு வழி கேட்டால் அந்தக் கடைக்காரன் தெரியாது எண்டுறான், முந்தி ஊருக்கே வழி சொன்ன மனிசனாம்" என்று கிழவன் சொன்னான். நான்தான் யன்னலால் குனிந்து அவர்களுக்குச் சொன்னேன்.

எனக்கு அன்றைக்கு வந்த கோபம் உங்கள் கடிதம் வாசித்தபோதுகூட வரவில்லை. தெரிந்த ஆள் தெரியாது என்று சொல்லிச் சொல்லித்தான் நாங்கள் இங்கே வந்து நிற்கிறோம். கேட்கிறவர்களுக்குச் சொல்லுங்கள். தொடுவாய் திறந்திருக்கிறது, ஆழம், இழுக்கும் என்று சொல்லுங்கள். உனக்கு எப்படித் தெரியும் என்று கேட்டால், என் தங்கச்சியின் புருஷன் அதில் போனவர், வழி சொன்னது நான் என்று சொல்லுங்கள். வெட்கமாக இருக்கும். இருக்கட்டும்.

அப்படி ஒரு ஆளுக்காவது சொன்ன பிறகு எனக்கு எழுதுங்கள். அதுவரைக்கும் எழுதவேண்டாம்.

இரஞ்சிதம்